பூவரசன் அனுப்பும் ராக்கெட்டுகள்

ஆடி வெள்ளியன்று பாப்பாரப்பட்டி அம்மன் கோயில் வாசலில் என் செருப்பு காணாமல் போனது. உச்சி வெயில். தார் ரோட்டைப் பார்த்துத் திகைத்து நின்றேன். எதிர்வீட்டுப் பூவரசன் தன் செருப்பை என் காலருகே கழற்றி விட்டுவிட்டு, வெறுங்காலோடு குதித்துக் குதித்துப் போய்விட்டான். அதை இன்றுவரை அவன் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் வானத்தில் ஒரு ராக்கெட் கிளம்பட்டும், மாவட்டத்துக்கே சொல்லிவிடுவான்!

இவன்தான் 'அனுப்பாமல் இருக்க முடியாதவர்' என்னும் இனம். ராக்கெட் கிளம்பினால் ஒரு வீடியோ, அது மேகத்துக்குள் நுழைந்தால் இன்னொன்று, நிலாவின் பள்ளம், செவ்வாயின் செம்மண், விண்கலத்துக்குள் தண்ணீர் உருண்டையாய் மிதப்பது என்று அத்தனையையும் வாட்ஸ்அப்பில் தெருக் குழுவில் போட்டு, கோயில் குழுவில் போட்டு, எங்கே பார்க்காமல் விட்டுவிடுவோமோ என்று தனியாகவும் அனுப்பி, போதாததற்கு நேரில் வந்து, "பாத்தீங்களாக்கா?" என்பான்.

பார்த்தோம். மூன்று முறை பார்த்தோம்.

அழகில்லை என்று சொன்னால் பாவம். நீல உருண்டையாய்ப் பூமி அந்தரத்தில் நிற்பதைக் கண்டு நான் கன்னத்தில் போட்டுக்கொண்டதுண்டு.

வீட்டிலிருந்தே பெங்களூர் கம்பெனிக்கு இவன் பார்க்கும் வேலை என்ன தெரியுமா? இடத்தை மிச்சம் பிடிப்பது!

"நூறு பேரு சேந்து எழுதற புரோகிராமுங்கக்கா. ஆளாளுக்கு ஒரு காப்பி வெச்சா கம்ப்யூட்டர்ல எடம் என்னாகறது? ஒண்ணே ஒண்ணு வெப்போம். எல்லாரும் அதையே எடுத்துக்குவாங்க."

கூழ் ஊற்றத் தெருவுக்கே ஓர் அண்டா போதும் என்பது போலத்தான். இந்த ஞானம் ராக்கெட்டுக்கு மட்டும் கிடையாதா?

போன மாதம் சேலத்தில் என் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்து பஸ் ஒன்றும் போகவில்லை. மருமகன் போட்டோ அனுப்பினார். என் போனோ இடமில்லை என்கிறது.

"பேத்தி மூஞ்சியக்கூடப் பாக்க முடியலயே தம்பி!"

"குடுங்கக்கா" என்று போனை வாங்கி எதையெதையோ அழித்தான். வந்து விழுந்தாள் பேத்தி! அம்மனே வந்தது போல, நெற்றியைச் சுருக்கிக்கொண்டு. கண் நிறைந்துவிட்டது.

அம்மனுக்கும் ஒரு கும்பிடு போடலாமென்று தேடினால், வாரந்தோறும் நான் எடுத்து வைத்த அலங்காரப் படங்களில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

"மீதி எங்கப்பா?"

"எல்லாம் ஒரே மாதிரி இருந்துச்சுங்கக்கா. ஒண்ண வெச்சிக்கிட்டு அழிச்சிட்டேன்."

"ஒரே மாதிரியா? சந்தனக்காப்பும் வளையல் அலங்காரமும் ஒண்ணா உனக்கு? உன் ராக்கெட்டுதான்டா ஒரே மாதிரி. அதுல ஒண்ணு போச்சா?"

"ஐயோ அக்கா, அது ஒவ்வொண்ணும் வேற வேறங்க!"

இந்த இனத்தின் அடையாளமே இதுதான். தான் அனுப்புவது ஒவ்வொன்றும் புதிது. அடுத்தவர் அனுப்புவது எல்லாம் ஒன்று. சிரிக்கிறீர்களே, இன்று காலை நீங்கள் யார் யாருக்கு என்னென்ன அனுப்பினீர்கள்?

கம்பெனி கூப்பிட்டு அவன் பெங்களூருக்கே கிளம்பினான். பஸ்ஸில் ஏறி, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான்.

"அம்மன் படம் போச்சுன்னு கவலப்படாதீங்கக்கா. வெள்ளிக்கு வெள்ளி தெருக் குழுவுல, கோயில் குழுவுல, அப்புறம் தனியாவும் நீங்க அனுப்புனது அத்தனையும் எம்போன்ல மூணு மூணா இருக்குதுங்க. அழிக்க மனசு வரல."