துணி ஸ்டாண்டை வடிவமைத்தது யார் என்பது பற்றி மைத்துனருக்கு

பேரன்புக்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நானும் உங்கள் அக்காவும் பட்டறையில் வேலை செய்யும் ஆறு பேரும் நலம். அங்கு நீங்களும் உங்கள் மனைவியும் புதிதாக வாங்கியிருக்கும் காரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்தக் கடிதம் முழுக்க உங்களை 'நீங்கள்' என்றுதான் எழுதப்போகிறேன். திடீரென்று மரியாதை கூடிவிட்டது என்று நினைக்க வேண்டாம். கோபமாக இருக்கிறேன்.

உங்கள் மேனேஜர் அனுப்பிய ஒப்பந்தம் நேற்று வந்து சேர்ந்தது. வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டுமாம். நான்கு பக்கத்தையும் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து இரண்டு தடவை படித்தேன். அதில் இருப்பது இவ்வளவுதான்: வீட்டுக்குள் துணி காயப்போடுகிற நம் மடக்கு ஸ்டாண்டின் வடிவம் உங்கள் கம்பெனிக்குச் சொந்தம், நீங்கள் கொடுத்த வரைபடத்தைப் பார்த்துச் செய்து கொடுத்தவன் மட்டுமே நான், இனி வேறு யாருக்கும் அதைச் செய்து விற்க எனக்கு உரிமை கிடையாது. இதற்குப் பெயர் ஓ.இ.எம். என்று மேனேஜர் போனில் விளக்கினார். "சார், நீங்க ஆரம்பத்துலேர்ந்தே ஓ.இ.எம்.தான் சார்" என்றார். ஏதோ என் ரத்த வகையைப் பரிசோதித்துப் பார்த்துவிட்டதுபோல அவ்வளவு நிச்சயமாகச் சொன்னார்.

ஆரம்பத்தில் நான் அதுதான், மறுக்கவில்லை. வடிவம் உங்களுடையது, ஒட்டுகிற பெயரும் உங்களுடையது, குழாயை வளைத்து வெல்டிங் வைக்கிற கை மட்டும் என்னுடையது. எட்டு வருஷம் நாற்காலி, முக்காலி, ஏணி என்று நீங்கள் அனுப்பிய தாளைப் பார்த்து வாயைத் திறக்காமல் செய்தேன். ஒரே ஒரு தடவை திறந்தேன். மடக்கு நாற்காலி வரைபடத்தில் இடது பின்னங்கால் இரண்டு சென்டிமீட்டர் குட்டையாக இருக்கிறதே என்று போன் செய்து கேட்டேன். "அத்தான், டிராயிங்ல என்ன இருக்கோ அதைப் பண்ணுங்க. யோசிக்கிறது எங்க வேலை" என்றீர்கள். சரி என்று முந்நூறு நாற்காலிகளை யோசிக்காமல் செய்து அனுப்பினேன். முந்நூறும் ஆடின. முந்நூறும் லாரியில் திரும்பி வந்து பட்டறை வாசலை அடைத்துக்கொண்டு நின்றன. அப்போது நீ என்ன கேட்டாய்? "தெரிஞ்சே செஞ்சீங்களா அத்தான்?" என்று கேட்டாய். பார், 'நீ' வந்துவிட்டது. இனிமேல் அதைப் பிடித்து நிறுத்த என்னால் முடியாது.

அதற்குப் பிறகு உனக்கு ஞானம் வந்து, வரைபடம் அனுப்புவதையே விட்டுவிட்டாய். துணி ஸ்டாண்டுக்கு என்று ஒரு தாள் அனுப்பினாயே, நினைவிருக்கிறதா? தாள் முழுக்க வெள்ளை. நடுவில் ஒரு சின்னக் கட்டம், அதன் நீளம், அகலம், அதற்குள் உன் கம்பெனி பெயர். "மச்சான், இதுல ஸ்டாண்ட் எங்க இருக்கு?" என்று கேட்டேன். "அதை நீங்க போட்டுக்கோங்க அத்தான்" என்றாய். போட்டுக்கொண்டேன். நான்கு மாதம் மண்டையைப் பிய்த்துக்கொண்டு, கட்டிப் பார்த்துப் பிரித்து, மறுபடி கட்டி, நானே யோசித்து வடிவமைத்தேன். பெரிய போர்வையைப் போட்டாலும் தரையில் படாது. மடக்கினால் கதவுக்குப் பின்னால் அடங்கிவிடும். மடக்குகிற மூட்டில் யார் விரலும் நசுங்காது. நீ ஒட்டுக்காகிதத்தை ஒட்டினாய். அதையும் முதல் நூறு ஸ்டாண்டில் தலைகீழாக ஒட்டினாய்.

விற்பனை நன்றாகத்தான் போனது. பிறகு ஒரு நாள், ஒரு வீட்டில் ஸ்டாண்ட் மடங்கி விழுந்துவிட்டது என்று புகார் வந்தது. உன் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "டிசைன் உங்களோடது சார். நீங்க ஓ.டி.எம். பதில் சொல்ல வேண்டியது நீங்கதான்" என்றார். அந்த வார்த்தையை அன்றைக்குத்தான் முதல் தடவை கேட்டேன். வடிவமும் செய்கிறவனுடையது, வேலையும் செய்கிறவனுடையது, மேலே ஒட்டுகிற பெயர் மட்டும் வாங்கி விற்பவனுடையது என்றால் அது ஓ.டி.எம். என்று விளக்கினார். திட்டு வாங்கப் போகிறோம் என்பதுகூட மறந்துபோய் எனக்குப் பெருமையாக இருந்தது. புகார் கொடுத்தவர் வீட்டுக்கு இரண்டு பஸ் மாறி, மூன்று மாடி ஏறிப் போனேன். அந்த மனிதர் ஸ்டாண்டின் மேல் ஈர மெத்தையைப் போட்டிருக்கிறார். மெத்தையை! இருந்தாலும் கையைக் கட்டிக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். வந்ததுதான் வந்தீர்கள் என்று அலமாரிக் கதவையும் ஜன்னல் கொக்கியையும் என் தலையில் கட்டிவிட்டார்கள். அவற்றையும் சரிசெய்து கொடுத்துவிட்டு வந்தேன்.

போன மாதம் பேப்பரில் உன் படம் வந்தது. சிறந்த வீட்டுப் பொருள் வடிவமைப்புக்கான விருதாம். கோட்டும் சூட்டுமாக ஸ்டாண்டின் தோளில் கை போட்டுக்கொண்டு நிற்கிறாய். "எங்க வீட்ல காயாத துணியைப் பார்த்துப் பார்த்துத்தான் இந்த யோசனை வந்தது" என்று பேட்டி வேறு. குளித்துவிட்டு ஈரத் துண்டைக் கட்டிலில் வீசுகிற நீ, காயாத துணியை எங்கே போய்ப் பார்த்தாய்? எனக்கு வயிறு எரிந்தது. சொன்னால் என்ன, எரிந்தது.

ஆக, மெத்தை விழுந்தால் நான் ஓ.டி.எம்., மேடையில் கைதட்டினால் நான் ஓ.இ.எம். ஒரே ஆள், ஒரே பட்டறை, ஒரே ஸ்டாண்ட்.

இப்போது எதற்கு இந்த அவசர ஒப்பந்தம் என்பதும் எனக்குத் தெரியும். ஒரு விடுதிக்காரர் ஸ்டாண்டைப் பார்த்துவிட்டு, யார் செய்தது என்று விசாரித்து, நேராகப் பட்டறைக்கே வந்துவிட்டார். ஒவ்வொரு அறைக்கும் ஒன்று வேண்டுமாம். "கம்பெனி பேரெல்லாம் எனக்கு வேணாம். செஞ்சவங்க பேரையே ஒட்டிக் குடுங்க" என்றார். முப்பத்துநான்கு வருஷமாகக் குழாய் வளைக்கிறேன். என் பெயர் கரண்ட் பில்லைத் தவிர வேறு எதிலும் ஏறியதில்லை. விடுதிக்காரர் வந்தது உன் காதுக்கு எட்டிவிட்டது, உடனே நான்கு பக்கம் அச்சடித்து அனுப்பிவிட்டாய். நான் கையெழுத்துப் போட்டால் விடுதிக்காரர் திரும்பிப் போக வேண்டியதுதான்.

போட மாட்டேன். உன் அக்காவிடமும் சொல்லிவிட்டேன். துணி மடித்துக்கொண்டே கேட்டவள், "எழுதுங்க. நாக்கைப் புடுங்குற மாதிரி எழுதுங்க" என்றாள். அதனால்தான் எழுதுகிறேன். அடுத்தவர் யோசனைக்குத் தன் பெயரைப் போட்டுக்கொள்கிறவனை என்னவென்று அழைப்பது என்று உன் மேனேஜரிடம் கேட்டுச் சொல். அதற்கும் மூன்று எழுத்து இருக்கும்.

மற்றபடி உன் மனைவியின் முழங்கால் வலி குறையட்டும், உன் பிள்ளைகள் நன்றாகப் படிக்கட்டும், உன் கார் கீறல் படாமல் ஓடட்டும். உன் விருதில் தூசி படியாமல் பார்த்துக்கொள், அது என்னுடையது.

இப்படிக்கு,
ஸ்டாண்டின் ஒரே வடிவமைப்பாளனும் தயாரிப்பாளனுமாகிய
உன் அத்தான்

பி.கு.: பிழை பார்க்கச் சொல்லிக் கடிதத்தை உன் அக்காவிடம் கொடுத்தேன். நின்றுகொண்டே படிக்க ஆரம்பித்தவள், பாதியில் உட்கார்ந்துவிட்டாள். "'நானே யோசித்து வடிவமைத்தேன்'னு எழுதியிருக்கீங்களே, யாருங்க யோசிச்சது?" என்று கேட்டாள். நான்தான் என்றேன். "அடைமழையில நாலு நாள் துணி காயலைன்னு ரெண்டு ஸ்டூலை நிறுத்தி, குறுக்க துடைப்பக் கம்பைக் கட்டிக் காட்டினது யாரு? போர்வை தரையில படுது, ஸ்டாண்டோட கையை மேல ஏத்துங்கன்னு மூணு தடவை பிரிக்க வெச்சது யாரு? மூட்டுல நசுங்கினது யாரோட விரலு?" என்றாள். வெல்டிங் வைத்தது நான்தானே என்றேன். "அப்போ நீங்க ஓ.இ.எம்.தானே?" என்றாள். மச்சான், வெட்கமாக இருக்கிறது.

ஆகவே மேலே என்னைப் பற்றி எழுதியிருப்பதை எல்லாம் உன் அக்காவைப் பற்றி என்று திருத்திப் படித்துக்கொள். உன்னைப் பற்றி எழுதியிருப்பதில் பாதியை எனக்கு என்று வைத்துக்கொள். கிழித்துவிட்டு வேறு எழுதுகிறேன் என்று கேட்டுப் பார்த்தேன். தர மாட்டேன், நானே தபாலில் போடுகிறேன் என்கிறாள். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டியவள் அவள்தான். உனக்கும் போட மாட்டாளாம், எனக்கும் போட மாட்டாளாம். இப்போது முன்னறையில் விடுதிக்காரரோடு போனில் பேசிக்கொண்டிருக்கிறாள். ஸ்டாண்டில் ஒட்ட வேண்டிய பெயரை ஒவ்வொரு எழுத்தாகச் சொல்கிறாள். எங்கள் கல்யாணப் பத்திரிகைக்குப் பிறகு அந்தப் பெயரை நான் அச்சில் பார்த்ததே இல்லை. அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது, மறுபடியும் முதலிலிருந்து சத்தமாகச் சொல்கிறாள்.