மாப்பிள்ளை வண்டி

பைக்கையும் பெண்ணையும் ஒரே குட்டியானை லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டார் மாப்பிள்ளை நெடுமாறன். கல்யாணமாகி மூன்றே மாதம். சீராகக் கொடுத்த புது வண்டி திடீரென்று நின்றுவிட்டதாம்.

"நீங்க குடுத்த வண்டி மாமா, நீங்கதான் பொறுப்பு. சரி பண்ணி வைங்க, வந்து ரெண்டையும் கூட்டிக்கினு போறேன்" என்றார் போனில்.

கேட்டீர்களா நியாயத்தை! ஆனால் சிங்கவரம் கோதண்டராமனுக்கு மானம்தான் பெரிது. வாழப்போன பெண் வீட்டில் வந்து உட்கார்ந்தால் ஊர் வாய் சும்மா இருக்குமா? வண்டி ஓடினால்தான் வெண்மதிக்குப் புருஷன் வீடு. மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை.

"புள்ள பாதியா இளைச்சிப் போயி வந்திருக்குது. வாயே தொறக்க மாட்டேங்குது. அது இன்னான்னு கேளுய்யா" என்றாள் மனைவி லட்சுமியம்மாள்.

"இரு, மொதல்ல வண்டியப் பாத்துட்டு வர்றேன்."

செஞ்சி ஷோரூம் வரைக்கும் வேர்க்க விறுவிறுக்கத் தள்ளினார். மேனேஜர் டேங்கைத் திறந்து பார்த்தார்.

"பெட்ரோல்ல தண்ணி கலந்திருக்குது. கம்பெனி பொறுப்பில்ல."

டேங்கைக் கழுவி, செஞ்சியிலேயே பெட்ரோல் போட்டு, ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். மறுநாள் காலையில் மாப்பிள்ளை வந்து உதைக்கிறார், உதைக்கிறார், ம்ஹூம். மாமனாரை ஒரு முறை முறைத்துவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டார்.

மறுபடி ஷோரூம். மறுபடி தண்ணீர். கோதண்டராமன் நேரே பெட்ரோல் பங்க்குக்குப் போய்ச் சண்டை பிடித்தார்.

"இன்னா பெரியவரே, எங்க பெட்ரோல்லயா தண்ணி?" பங்க்காரர் ஒரு குவளையில் பிடித்துக் காட்டினார். பொட்டுத் தண்ணீர் இல்லை. "மழையில நிறுத்தியிருப்பீங்க. அதுக்கு நாங்களா பொறுப்பு?"

மழையாவது ஒன்றாவது! நாலு மாதமாக மல்லாட்டைக் கொல்லையில் கடலைச் செடியெல்லாம் காய்ந்து கிடக்கிறது.

மனிதர்கள் கைவிரித்த பிறகு சாமிதானே? டேங்கை இன்னொரு முறை கழுவி, அமாவாசைக் கூட்டத்தில் மேல்மலையனூருக்கே ஓட்டிப்போய், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, அங்காளம்மனிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு வந்தார். வண்டி ஜம்மென்று வீடு வந்து சேர்ந்தது.

விடிந்ததும் மாப்பிள்ளை வந்தார். உதைத்தார். வண்டி அசையவில்லை.

"ராசியில்லாத வண்டி மாமா இது. வேற புது வண்டி எடுத்துக் குடுங்க. இல்லனா உங்க பொண்ண நீங்களே வச்சிக்குங்க."

"அப்படிச் சொல்லாதீங்க மாப்ள. கொல்லைய வித்தாவது எடுத்துத் தர்றேன்."

மாப்பிள்ளை போய்விட்டார். கோதண்டராமன் அந்த வண்டிப் பக்கத்திலேயே உட்கார்ந்து, துண்டை வாயில் பொத்திக்கொண்டு அழுதார். அப்பன் வழி வந்த கொல்லை நிலம். யாரைக் குறை சொல்வது? கொடுத்தவன் தலையில்தானே எல்லாம் விடிகிறது.

வந்த நாள் முதலாக வாய் திறக்காத வெண்மதி, மெல்ல வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கொல்லைய விக்காத நைனா. எத்தினி வண்டி வாங்கிக் குடுத்தாலும் நான் அதுல தண்ணிதான் ஊத்துவேன்."