வாய்க்காலில் நடந்த கூட்டு நடவடிக்கை

அரசாங்கத்தில் இரண்டு இலாகாக்கள் சண்டை போட்டுக்கொண்டிருக்கும் வரை பொதுஜனம் எப்படியாவது பிழைத்துக்கொள்ளும். இனிமேல் ஒற்றுமையாக வேலை செய்வோம் என்று அவை முடிவெடுத்துவிட்டால்தான் பயப்பட வேண்டும். இதை நான் எந்தப் புத்தகத்திலும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. எழுபதுகளின் நடுவில் ஒரு சந்தை நாளன்று, பட்டை போட்ட அண்டர்வேரோடு, இடுப்பளவு தண்ணீரில், ஒரு போலீஸ்காரரின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றபோது தெரிந்துகொண்டேன்.

அப்போது நான் பாலக்காட்டுக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஒரு தாலுகா ஆபீஸில் கிளார்க். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. சொந்த ஊர் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். வீட்டில் கொங்குத் தமிழ், ஆபீஸில் மலையாளம், மனசுக்குள் மட்டும் நான் கலெக்டர். (ஆசைக்கு என்ன, வரியா போடப்போகிறார்கள்?)

என் அக்கா கண்ணம்மாளைக் கட்டிக்கொடுத்திருந்தது கடைமடையில். ஆழியாற்றுத் தண்ணீர் வரும் வாய்க்கால், ஊர் ஊராகச் சுற்றிவிட்டு, போனால் போகிறதென்று எட்டிப் பார்க்கும் கடைசி வயல் அவர்களுடையது. முறை வைத்துத்தான் தண்ணீர் விடுவார்கள். ஆனால் கடைமடைக்கு முறை வரும்போதெல்லாம் மேலே தலைமடையில் யாரோ வாய்க்காலின் குறுக்கே அணை போட்டுத் தண்ணீரைத் தங்கள் பக்கம் திருப்பிவிடுவார்கள். அக்காவின் நெல் அப்போது சூல் கட்டி நின்றது. இந்த முறையும் தண்ணீர் வராவிட்டால் மிஞ்சுவது வைக்கோல்தான். மாட்டுக்காவது ஆகும் என்று மச்சான் சொல்லிப் பார்த்தார். அக்கா பார்த்த பார்வையில் மாடே பின்வாங்கிவிட்டது.

"ஏன்டா, வயலெல்லாம் வாயப் பொளந்துட்டு கெடக்குது. நீ அங்க போயி பேனாவுக்கு மை ஊத்தறயா?" என்று என்னைப் பிடித்துக்கொண்டாள். "இந்தத் தடவ தண்ணி வரலீன்னா உன்ற கெவுருமெண்ட்டு வேலையக் கொண்டுபோயி கொடியில காயப் போடு!"

அவள் நினைத்ததுபோல் விஷயம் அவ்வளவு சுலபமில்லை. அணையை உடைக்கப் போனால் அடிதடி வரும். தாசில்தார் மாஜிஸ்ட்ரேட்டும்கூட, அவர் உத்தரவு போடாமல் போலீஸ் கை வைக்காது. போலீஸ் பக்கத்தில் இல்லாமல் தாசில்தார் வாய்க்கால் பக்கமே போகமாட்டார். ஆக, இருவரும் ஒரே நேரத்தில் ஒரே இடத்துக்கு வந்தாக வேண்டும். எங்கள் தாசில்தாரும் இன்ஸ்பெக்டருமோ, சுதந்திர தின விழாவில் யாருடைய ஜீப் முன்னால் நிற்பது என்பதில் முறைத்துக்கொண்டு பேச்சையே நிறுத்தியிருந்தார்கள். இரண்டு ஆபீஸும் ஒரே காம்பவுண்டில்தான். நடுவில் ஒரு வேப்பமரம். அதிலிருந்த காக்கைகள் மட்டும்தான் இரண்டு பக்கமும் போய்வந்துகொண்டிருந்தன.

கடைமடைக்காரர்களின் புலம்பல் பாலக்காடு வரை போய், கலெக்டரும் போலீஸ் சூப்பிரண்டும் இவர்கள் இருவரையும் கூப்பிட்டு, "கூட்டு நடவடிக்கை எடுங்கள்" என்று சொல்லி அனுப்பினார்கள். இரண்டு பேரும் சரி என்று தலையாட்டிவிட்டு, தனித்தனி ஜீப்பில் திரும்பிவந்து, தனித்தனியாகக் கூட்டு நடவடிக்கையை ஆரம்பித்தார்கள்.

தாசில்தார் என்னை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். "எடோ, தான் இந்நாட்டுக்காரனல்லே? வேஷம் மாறிப் போய் அணை கெட்டுன்ன ஆளைக் கண்டுபிடிக்கணம். ஆரும் அறியருது. போலீஸ் ஒட்டும் அறியருது." (யாருக்கும் தெரியக்கூடாதாம். முக்கியமாகப் போலீஸுக்கு.)

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இத்தனை நாள் பட்டா நகலுக்குள் முடங்கிக் கிடந்த என் வீரத்துக்கு ஒரு வழி பிறந்துவிட்டது என்று நினைத்தேன். ஆட்டுக்காரன் வேஷம் என்று முடிவு செய்து, அக்கா வீட்டிலிருந்து இரண்டு வெள்ளாடுகளை ஓட்டிக்கொண்டு போனேன். அழுக்கு வேட்டி, தலையில் துண்டு, கையில் தொரட்டி. கைக்கடிகாரத்தை மட்டும் கழற்றவில்லை. சம்பவம் நடந்த நேரத்தைச் சரியாகச் சொல்ல வேண்டாமா?

அன்று சந்தை நாள். வாய்க்காலைக் காக்க வேண்டிய லஸ்கர் உட்பட ஊரே சந்தைக்குப் போயிருந்தது. தலைமடையில் நான் போய்ச் சேரும்போதே அணை தயாராக நின்றது. தென்னமட்டையைக் குறுக்கும் நெடுக்குமாகக் கோத்து, வைக்கோலைத் திணித்து, மேலே மண்ணோடு பெயர்த்த புல்கரணையை வெட்டி அடுக்கியிருந்தார்கள். இந்தப் பக்கம் தண்ணீர் இடுப்பளவு நின்றது. அந்தப் பக்கம் ஒரு தவளை நனையக்கூடத் தண்ணீரில்லை. கட்டியவன் எப்படியும் பார்வையிட வருவான் என்று, ஆடுகளை மேயவிட்டுப் புங்கமர நிழலில் உட்கார்ந்தேன்.

அப்போதுதான் அவனைக் கவனித்தேன். எதிர்க்கரையில் ஒரு தென்னைமரத்தடியில், இடுப்பில் பாளைக்கத்தியும் கையில் கள்ளு முட்டியுமாக ஒருத்தன் உட்கார்ந்திருந்தான். கள்ளிறக்குபவர்கள் காலையிலும் சாயங்காலமும்தான் மரமேறுவார்கள். உச்சிவெயிலில் இவனுக்கு என்ன வேலை? அதுவும் அந்த மரத்தில் ஒரு பாளைகூடக் கட்டியிருக்கவில்லை. சந்தேகமே இல்லை, அணைக்காரர்கள் வைத்த காவல் ஆள் என்று தீர்மானித்தேன். (என் மூளையின் வேகத்தை நினைத்து நானே என் முதுகில் தட்டிக்கொள்ளாத குறை.)

அவனும் என்னைப் பார்த்துக்கொண்டேயிருந்தான். கைக்கடிகாரம் கட்டிய ஆட்டுக்காரனை அவன் அதற்கு முன்னால் பார்த்ததில்லை என்று பிறகு சொன்னான்.

கெட்ட நேரம் வெள்ளாட்டு ரூபத்தில் வந்தது. ஒரு ஆடு விறுவிறுவென்று கரையிறங்கி, அணையிலிருந்த வைக்கோலை உருவித் தின்ன ஆரம்பித்தது. இரண்டு புல்கரணைகள் சரிந்து விழுந்தன. எனக்குப் பதறிவிட்டது. தாசில்தார் வந்து பார்வையிடும் வரை ஆதாரத்தைக் கலைக்கக் கூடாது என்பது ஆபீஸில் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். ஓடிப்போய் ஆட்டைத் தள்ளிவிட்டு, விழுந்த புல்கரணைகளை எடுத்து இருந்த இடத்திலேயே வைத்து, நன்றாகத் தட்டிக்கொடுத்து, ஓட்டையில் கொஞ்சம் சேறும் அப்பினேன். அக்காவின் தண்ணீரை அடைத்து வைத்திருந்த அணையை என் கையாலேயே ரிப்பேர் செய்தேன்.

"பிடிச்சு!" என்று எதிர்க்கரையிலிருந்து ஒரு சத்தம். கள்ளு முட்டி ஒரு பக்கம் பறக்க, அவன் பாய்ந்து வந்து என் கையைப் பிடித்தான். நான் அவன் கழுத்தைப் பிடித்தேன். இருவருமாகத் தண்ணீருக்குள் விழுந்தோம். எழுந்து நின்றபோது என் வேட்டியும் தலைத்துண்டும் தனியாக மிதந்து போய்க்கொண்டிருந்தன.

"எடா, ஞான் போலீஸாணு!"

"பாளை கட்டாத மரத்தடியில போலீசுக்கு என்னடா வேலை? நான்தான் தாலுகா ஆபீஸு!"

"ஜட்டி போட்ட தாலுகா ஆபீஸோ? நடக்கெடா ஸ்டேஷனிலேக்கு!"

"நீ நட முதல்ல, தாசில்தார்கிட்ட!"

அடையாளம் காட்ட இருவரிடமும் ஒன்றுமில்லை. வேஷம் கலைந்துவிடும் என்று இருவருமே எல்லாவற்றையும் வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தோம். அந்த ஒரு விஷயத்தில் இரண்டு இலாகாக்களுக்கும் அற்புதமான ஒற்றுமை.

சரியாக அப்போது, எனக்குச் சோறு கொண்டுவந்த அக்கா, மச்சானின் சைக்கிள் கேரியரில் வந்து இறங்கினாள். தம்பியை ஒருத்தன் தண்ணீரில் வைத்து அமுக்குவதைப் பார்த்ததும் கையிலிருந்த தூக்குப்போசியைக் கீழே போட்டுவிட்டு, "ஐயோ, கொல்றானுங்களே! ஏனுங்க, சைக்கிளத் திருப்புங்க, போயி ஆளக் கூட்டியாங்க!" என்று கத்தினாள். மச்சான் திருப்பிய வேகத்தில் சைக்கிளே ஒரு தடவை கனைத்தது.

அக்காவின் கூச்சல் கேட்டு, பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஆறுச்சாமி அண்ணனும் அவர் மகன்களும் ஓடிவந்தார்கள். தலைமடையில் பெரிய குடியானவர் அவர். எங்களைப் பிரித்துவிட்டு, நாட்டாமைத் தோரணையில், "என்னப்பா தகராறு?" என்று கேட்டார்.

"இவன் அணை கட்டிப்போட்டானுங்க!" என்றேன் நான்.

"அல்ல, இவனாணு கெட்டியது! என் கண்ணால கண்டு!" என்றான் அவன்.

ஆறுச்சாமி அண்ணன் எங்கள் இருவரையும் மேலும் கீழும் பார்த்தார். அணையைப் பார்த்தார். அவர் முகம் வாடிப்போய்விட்டது. "இவனுங்களா கட்டுனாங்க? அட, மட்டையக் கோத்திருக்கற கோப்பப் பாருங்கப்பா! பக்கத்து ஊருக்காரன் வந்து பார்த்துட்டுப் போறான். விடியறதுக்குள்ள நானும் என்ற பசங்களும் இடுப்பொடியக் கட்டுன அணையிது. ஆட்டுக்காரனும் கள்ளிறக்கறவனும் அதுக்குப் பங்கு கேட்டு அடிச்சுக்கறீங்களே, உங்களுக்கே நாயமா?"

நாங்கள் இருவரும் பிடியை விட்டோம். ஒருவரையொருவர் முதல்முறையாக ஒழுங்காகப் பார்த்தோம். அவன் கால்களில் முழங்காலுக்குக் கீழே பூட்ஸ் போட்ட இடம் மட்டும் வெளுத்திருந்தது. அவன் என் வலதுகை விரலிலிருந்த மைக்கறையைப் பார்த்தான். அப்படித்தான் கான்ஸ்டபிள் வேலுக்குட்டியும் நானும் அறிமுகமானோம்.

"அண்ணா, நான் நெசமாலுமே தாலுகா ஆபீஸுங்க," என்றேன்.

"சரி சாமி, இருந்துட்டுப் போ. டேய், ரெண்டு பேருக்கும் மோர் கொண்டாங்கடா," என்றார் அவர், பைத்தியத்திடம் பேசும் பரிவோடு. வேலுக்குட்டி தன் தலைத்துண்டை அவிழ்த்து என்னிடம் கொடுத்தான். நான் அதைக் கட்டிக்கொண்டு மோர் குடித்தேன்.

அக்கா மோர் குடிக்கவில்லை. அவள் ஆறுச்சாமி அண்ணனை விட்டு விலகவுமில்லை. "அண்ணா, உங்க ஊட்டு நெல்லு குளிச்சுட்டு நிக்குது. எங்க ஊட்டு நெல்லு குடிக்கத் தண்ணியில்லாம சாகுது. வவுத்துல கதிர வச்சுட்டு சாகுதுங்க. ஒரு நா வந்து பாத்துட்டு வந்து, அப்பறம் இந்த அணையக் கட்டுங்க," என்றாள். கடைசி வார்த்தைகளில் அவள் குரல் உடைந்தது. கோபக்காரி அக்கா அழுது அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. ஆறுச்சாமி அண்ணன் மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வாய்க்கால் பாதையில் புழுதி கிளம்பியது. முன்னால் தாசில்தார் ஜீப், பின்னால் போலீஸ் ஜீப், வழி கேட்டு வழிநெடுக ஹாரன். மச்சான் எந்த ஆபீஸையும் நம்பாதவர். யார் வந்தாலும் சரியென்று, அந்த வேப்பமரத்தடியில் நின்று, இரண்டு பக்கமும் பார்த்து ஒரே சேதியைக் கத்தியிருக்கிறார். கலெக்டரும் சூப்பிரண்டும் சொல்லியும் நடக்காத காரியம் அது. எங்கள் தாலுகாவில் வருவாய்த்துறையையும் போலீஸையும் ஒருங்கிணைத்த முதல் அதிகாரி என் மச்சான்தான்.

இறங்கிய தாசில்தார் துண்டு கட்டிய என்னைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் துண்டில்லாத வேலுக்குட்டியைப் பார்த்தார். பிறகு தாசில்தார் வேலுக்குட்டியையும், இன்ஸ்பெக்டர் என்னையும் பார்த்தார்கள். யார் முதலில் பேசுவது என்று இருவருக்கும் புரியவில்லை. மரியாதைப் பிரச்சினை மறுபடியும் தலைதூக்கும்போல் இருந்தது.

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நடுவில் போய் நின்றாள். "போலீசு இல்லீன்னு அய்யா வரல. அய்யா சொல்லலீன்னு போலீசு வரல. இப்ப ரெண்டு பேரும் வந்தாச்சு. இன்னும் யாரு வரோணுமுங்க?"

தாசில்தார் தொண்டையைச் செருமிக்கொண்டு, அணையை எடுக்கும்படி உத்தரவு போட்டார். இன்ஸ்பெக்டர் விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார். தாசில்தாருக்குப் போலீஸ் சல்யூட் கிடைத்து நாளாகியிருந்தது. அவர் முகத்தில் பத்து வயசு குறைந்ததை நானே பார்த்தேன். போலீஸ்காரர்கள் கடப்பாரையோடு இறங்கும்போது ஆறுச்சாமி அண்ணன் குறுக்கே வந்தார். எல்லோரும் விறைத்தோம்.

"கண்டபடி குத்திப்போடாதீங்க, கரை போயிரும்," என்றார் அவர். "கட்டுனவனுக்குத்தான் பிரிக்கத் தெரியும். நானே எடுத்தர்றனுங்க. ஆனா ஒண்ணு, என்ற முறையில எவனும் கை வைக்காம நீங்க பாத்துக்கோணும்." தாசில்தார் இன்ஸ்பெக்டரைப் பார்த்தார், இன்ஸ்பெக்டர் தாசில்தாரைப் பார்த்தார், இருவரும் ஒரே சமயத்தில் தலையாட்டினார்கள். ஆறுச்சாமி அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கி, எங்கேயோ ஒரு மட்டையை மட்டும் உருவினார். மொத்த அணையும் மளமளவென்று சரிந்து, தண்ணீர் ஹோவென்று பாய்ந்தது.

கூடவே நாங்கள் கரையில் நடந்தோம். காய்ந்த சருகையும் நுரையையும் முன்னால் தள்ளிக்கொண்டு தண்ணீர் போனது. வழியில் ஒவ்வொரு மடையிலும் வேலுக்குட்டி நின்றுகொண்டு யாரையும் கை வைக்கவிடவில்லை. கடைமடைக்குப் போய்ச் சேரும்போது வெயில் தாழ்ந்திருந்தது. வெடித்த வயலில் தண்ணீர் ஏறியபோது அந்த மண் குடித்த சத்தம் எனக்குக் கேட்டது. ஆயுசில் அவ்வளவு சந்தோஷப்பட்ட நாள் எனக்கு வேறு கிடையாது. துண்டோடு நிற்கிறேன் என்பதே மறந்து, மச்சானைக் கட்டிக்கொண்டு குதித்தேன். (துண்டுக்கும் அது மறந்துவிட்டது. விவரம் வேண்டாம்.)

மறுநாள் முதல் புது ஏற்பாடு. முறை மாறும் நாளெல்லாம் தாலுகா ஆபீஸிலிருந்து ஒருவரும் ஸ்டேஷனிலிருந்து ஒருவரும், வேஷமில்லாமல், சேர்ந்தே வாய்க்காலைச் சுற்றி வர வேண்டும். யார் அந்த இருவர் என்று சொல்லவும் வேண்டுமா? வேலுக்குட்டி சைக்கிள் மிதிக்க, நான் பின்னால் உட்கார்ந்து போவேன். தலைமடையில் ஆறுச்சாமி அண்ணன் வீட்டில் மோர், கடைமடையில் அக்கா வீட்டில் சோறு. அந்த வருடம் அக்கா வீட்டில் நெல் கொட்ட இடமில்லாமல், நான் வந்தால் படுக்கும் அறையிலும் கொட்டினார்கள்.

வேலுக்குட்டி இல்லாமல் எங்கள் வீட்டில் இன்றுவரை ஒரு விசேஷமும் நடந்ததில்லை. என் மகள் கல்யாணத்தன்று, பந்தியில் மாப்பிள்ளையின் அப்பாவுக்குப் பக்கத்தில் அவனை உட்காரவைத்து அக்கா அறிமுகம் செய்தாள். "சம்பந்தி, இவருதானுங்க என்ற தம்பிய அரெஸ்ட் பண்ணுனவரு."

"அல்ல சேச்சி, இவனாணு என்னை ஆத்யம் பிடிச்சது," என்று வேலுக்குட்டி வழக்கம்போல் மறுத்தான். யார் யாரை முதலில் பிடித்தது என்ற வழக்கு எங்களுக்குள் இன்னும் தீரவில்லை.

சம்பந்திக்கு வாயருகே கொண்டுபோன அப்பளம் அப்படியே நின்றுவிட்டது. கோயம்புத்தூர்க்காரர், கௌரவமான மனுஷர். என்னை ஒருமாதிரி பார்த்துக்கொண்டே, "என்ன கேசுங்க?" என்று மெதுவாகக் கேட்டார்.

அக்கா அவர் இலையில் இன்னொரு கரண்டி சோறு போட்டாள். "என்ற வயலுக்குத் தண்ணி கொண்டாந்த கேசுங்க. சாப்பிடுங்க."