நீளமுத்துவின் நெஞ்செரிச்சல்

ஒரு காட்டில், சிங்கம் தர்பார் நடத்திய காலமெல்லாம் மலையேறி ஆரம்ப சுகாதார நிலையம் வந்துவிட்ட பிறகு, நீளமுத்து என்றொரு மலைப்பாம்பு இருந்தது. முழு ஆட்டை விழுங்கிவிட்டு ஒரு மாதம் படுத்துக் கிடப்பது அதன் தொழில். அந்தப் பிழைப்பில்தான் மண் விழுந்தது. எதை விழுங்கினாலும் வயிற்று அமிலம் மேலே ஏறி உணவுக்குழாயைச் சுட்டது. முயலுக்கு எரிந்தால் நாலு விரற்கடை எரியும். நீளமுத்துவுக்கு மூன்று முழம் எரிந்தது, பாவம். இரையைப் பார்த்தாலே பயம் வந்துவிட்டது. விழுங்கப் பயந்தால் மலைப்பாம்பு எப்படி உயிர் வாழும்?

சுகாதார நிலையத்தில் போய் வரிசையில் நின்றது. சரி, கிடந்தது. முன்னால் இருந்த மானும் முயலும் திரும்பிப் பார்த்தன.

“நீங்க முதல்ல போங்கண்ணே. எங்களுக்கு ஒண்ணும் அவசரமில்ல” என்று சொல்லிவிட்டு ஓட்டம் பிடித்தன. காட்டில் இவ்வளவு நல்லவர்களா என்று நீளமுத்துவுக்குக் கண் கலங்கியது.

டாக்டர் சவுந்தரவல்லி ஓர் எருமை. அசைபோட்டுக்கொண்டே கேட்டார்.

“என்னப்பா பண்ணுது?”

“தின்னது மேல வருது டாக்டரம்மா.”

“வரட்டுமே. மென்னு மறுபடி முழுங்கு. நான் தினம் எட்டு மணி நேரம் அதைத்தானே பண்றேன்?”

“புளிச்சு எரியுதே!”

“எந்த வயித்துல?”

“இருக்கிறதே ஒண்ணுதான்.”

நாலு வயிறு உள்ள டாக்டரம்மாவின் தாடை அப்படியே நின்றது. படிவத்தில் ‘மூன்று வயிறு காணவில்லை’ என்று எழுதி, போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுத்து ரசீது வாங்கி வரச் சொன்னார். நீளமுத்து வாங்கியும் வந்தது. வயிறுகளைக் கடைசியாக எப்போது பார்த்தாய் என்று ஏட்டு கேட்டதற்குத்தான் பதில் சொல்லத் தெரியவில்லை.

ரசீதைக் காட்டியதும் மருந்துச் சீட்டு கிடைத்தது. நன்றாக மென்று தின்ன வேண்டும். சாப்பிட்டதும் படுக்கக் கூடாது, நிமிர்ந்து இருக்க வேண்டும்.

“மெல்லுறதுக்குக் கடைவாய்ப் பல்லு இல்ல. நிமிர்றதுக்குக் காலும் இல்லியே!”

“அப்ப மரத்துல ஏறி நில்லு. தலை மேல, வால் கீழ.”

நீளமுத்து சொல்பேச்சு கேட்கிற நோயாளி. மேட்டில் இருந்த ஒற்றை மரத்தைச் சுற்றி ஏறி, சாப்பிடுவதற்கு முன்பே நிமிர்ந்துகொண்டது. புதருக்குள் கிடந்தவரை யார் கண்ணிலும் படாத உடம்பு, இப்போது அரை மைலுக்குத் தெரிந்தது. ஆடுகள் தூரத்திலேயே ஒரு கும்பிடு போட்டுவிட்டு வேறு வழியாகப் போயின. மாதங்கள் ஓடின. இரை இல்லை. இரை இல்லாததால் அமிலம் ஊறவில்லை. அமிலம் ஊறாததால் உணவுக்குழாய்ப் புண் ஆறிப் பளபளவென்று ஆகிவிட்டது.

ஐந்தாம் மாதம் டாக்டரம்மா வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தார்.

“எரியுதா?”

“இல்ல.”

“மேல வருதா?”

“கீழ போனாத்தானே மேல வரும்? பசியில உயிர் போகுது டாக்டரம்மா.” அதற்கு அழுகையே வந்துவிட்டது.

“நீ நெஞ்செரிச்சல்னுதானே வந்தே?” என்று கேட்டு, ‘பூரண குணம்’ என்று முத்திரை குத்தினார்.

அடுத்த வாரம் சுகாதார நிலையச் சுவரில் நீளமுத்துவின் படத்தை மாட்டினார்கள். ‘எங்கள் சிகிச்சையால் முழுமையாகக் குணமடைந்தவர்’ என்று கீழே எழுதி, படத்துக்கு மாலையும் போட்டார்கள்.

நீதி: உணவுக்குழாயைக் காப்பாற்றச் சிறந்த வழி, அதில் உணவை அனுப்பாமல் இருப்பதே.