நாற்பத்தேழு முகங்களும் ஒரு புள்ளியும்

பேனரைக் கால்வாசி விரித்தபோதே ஒரு மீசை தெரிந்தது.

ஆதவன் சட்டென்று மறுபடி சுருட்டினான். அவன் படத்தில் மீசை கிடையாது. மீசை என்ன, எதுவுமே கிடையாது. பத்தடிக்கு எட்டடி சுத்த வெள்ளை. வலது கீழ் மூலையில் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு கறுப்புப் புள்ளி. பெயர் 'மௌனம்'. மூன்று மாத உழைப்பு. "மூணு மாசமா ஒரு புள்ளியா?" என்று அவன் மனைவி வள்ளி கேட்டது கடை இருக்கும் தேரடி வீதி முழுக்கத் தெரியும்.

இன்னொரு முழம் விரித்தான். மீசைக்குக் கீழே சிரிப்பு, அதற்குக் கீழே தங்கச் சங்கிலி, அதற்கும் கீழே சிவப்பு எழுத்தில் 'தாய்மாமன்'.

சந்தேகமே இல்லை. நேற்று அவன் கடையில் அடித்த கீழ்பென்னாத்தூர் பலராமன் வீட்டுக் காது குத்து பேனர். இதே அளவு, இதே சுருள்.

செங்கம் ரோட்டுக் கல்யாண மண்டபத்தில் சித்திரை டிசைன் விழா. சென்னை, புதுச்சேரி, பெங்களூரிலிருந்தெல்லாம் வட்டக் கண்ணாடியும் கசங்கிய கதருமாக வந்து இறங்கியிருந்தார்கள். எல்லார் கழுத்திலும் பச்சை அட்டை, அதில் 'டிசைனர்' என்று எழுத்து. ஆதவன் கழுத்தில் மட்டும் மஞ்சள் அட்டை, 'சப்ளையர்'. வாசலில் கட்டியிருந்த வரவேற்பு பேனர் அவன் கடையில் அடித்தது என்பதால் வந்த வினை.

"எனக்கும் ஸ்டால் இருக்குதுங்க," என்று வரவேற்பு மேசைப் பெண்ணிடம் சொல்லிப் பார்த்தான்.

"முதல் பரிசு வாங்குங்க சார், பச்சை குடுத்துடறோம்."

அவள் விளையாட்டுக்குச் சொன்னாள். அவன் மனசில் எழுதிக்கொண்டான். பதினோரு வருஷமாகப் பிறந்தநாள், மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி என்று அடித்துத் தள்ளி 'பிளெக்ஸ்காரன்' என்றே பெயரெடுத்தவன். மாமியார் வீட்டிலும் "நம்ம பிளெக்ஸ்காரு வந்துட்டாரு" என்றுதான் வரவேற்பு. அந்தப் பச்சை அட்டையோடு ஒரு நாள் அந்த வாசலில் போய் நிற்க வேண்டும் என்பதுதான் அவன் ஆசை.

ரகசியம் கசியக்கூடாதென்று கடைசி நிமிஷம் வரை சுருளைப் பிரிக்கவில்லை. நடுவர்கள் வர அரை மணி நேரம்தான் இருந்தது.

வள்ளிக்குப் போன் போட்டான். "ரோலை மாத்திச் சுத்திட்டியாடி?"

"நானா? 'மண்டபம்'னு எழுதுன பேப்பர்ல உங்க புள்ளி. 'கீழ்பென்னாத்தூர்'னு எழுதுன பேப்பர்ல அவங்க மூஞ்சிங்க. என் கையாலதான் சுத்துனேன். புள்ளி மேல கை படுதுன்னு நீங்க கத்துனது மறந்துடுச்சா?"

"சரி சரி. இன்னொண்ணு அடிச்சு அனுப்பு."

"இன்னிக்கு மெயின்டனன்ஸ். அஞ்சு மணிக்குதான் கரண்ட்டு. வேணும்னா உங்க வேட்டில மையால ஒரு பொட்டு வச்சு அனுப்பட்டா?"

போனை வைத்துவிட்டான். அடுத்து சுப்பனைக் கூப்பிட்டான். சுப்பன் வேன்காரன். விடிகாலையில் ஒரு சுருளை இங்கே இறக்கிவிட்டு மற்றதைக் கீழ்பென்னாத்தூருக்குக் கொண்டுபோனவன். முந்தின நாள் சாயங்காலம் கடையில் அந்தக் காது குத்து பேனரை வெகு நேரம் நின்று பார்த்தவனும் அவன்தான்.

"எல்லாரும் வந்துட்டாங்களாண்ணா இதுல?"

"நாப்பத்தேழு மூஞ்சிப்பா. பலராமன் குடுத்த லிஸ்ட்டுல ஒருத்தர வுடல. செத்துப்போன தாத்தாவே மேகத்துல உக்காந்துனு இருக்காரு, பாரு."

சுப்பன் ஒவ்வொரு முகமாக இன்னொரு முறை பார்த்தான். வள்ளி சுற்றிக் கொடுத்ததும் இரண்டு சுருளையும் வேனில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான்.

இப்போது அவன் போனை எடுக்கவில்லை. பலராமனோ விடாமல் போன் போட்டிருந்தான். பதினேழு தடவை கூப்பிட்டிருந்தது சைலன்ட்டில் தெரியவில்லை. பதினெட்டாவதாகவும் வந்தது. ஆதவன் போனை அணைத்துச் சட்டைப் பைக்குள் போட்டான்.

பிறகு ஒரு யோசனை உதித்தது. பேனரைத் திருப்பிக் கட்டினால் பின்பக்கம் வெள்ளைதானே? கட்டினான். எலக்ட்ரீஷியனிடம் கறுப்பு டேப் வாங்கி வட்டமாக வெட்டி மூலையில் ஒட்டினான். 'மௌனம்' தயார்.

இரண்டடி பின்னால் நகர்ந்து பார்த்தான். ஜன்னல் வெயில் பின்னாலிருந்து அடித்தது. வெள்ளைக்குள் நாற்பத்தேழு பேரும் ஆவிகள் மாதிரி எழுந்து நின்றார்கள். அவன் ஒட்டிய புள்ளி பெரிய அத்தை மூக்கில் மூக்குத்தியாக உட்கார்ந்திருந்தது.

"ஐயோ, உள்ள யாரோ இருக்காங்க!" என்று ஒரு பெங்களூர்ப் பெண் கூவினாள். கூட்டம் கூடிவிட்டது.

வெயிலிலிருந்து நகர்த்தலாமென்று கயிற்றைப் பிடித்து இழுத்தான். ஒரு பக்கக் கயிறு அறுந்தது. பேனர் மறுகயிற்றில் ஒரு சுற்றுச் சுற்றி, நாற்பத்தேழு பேரும் பளிச்சென்று சபையைப் பார்த்துச் சிரித்தார்கள். நடுவில் கிரீடம் வைத்த குழந்தை, பக்கத்தில் ஒரு சிங்கம்.

அந்தச் சிங்கத்துக்கு நேர் எதிரே நடுவர் ஆஃப்ஷீன் நின்றிருந்தார்.

"இது உங்க வேலையா?"

பொய் சொல்ல வாயைத் திறந்தான். வரவில்லை. "ஆமாங்க."

"இவர் ஏன் இவ்ளோ பெரிசு?"

"தாய்மாமனுங்க. இந்தப் பக்கம் பெரியவரு, அந்தப் பக்கம் சின்னவரு. ரெண்டு பேரும் சரியா நாலடி. டேப் வச்சு அளந்துதான் போட்டேன். அரை இஞ்சு கம்மியானாக்கூட பந்தியில இலை பறக்கும்."

"இந்தச் சின்ன முகம்?"

"அத்தை வூட்டுக்காரரு. போன விசேஷத்துக்கு மொய் கம்மி. அதான் மூலை. ஆனா சொந்தம் வுட்டுடக் கூடாதுல்ல, அதான் கூலிங் கிளாஸு போட்டு அழகாக்கிட்டேன்."

"மேகத்தில இருக்கிறவர்?"

"தாத்தாங்க. தவறிட்டாரு. ஆனா லிஸ்ட்டுல முதல் பேரு அவருதான்."

அதற்குப் பிறகு அவனை நிறுத்த முடியவில்லை. யாருக்கு யாரோடு பேச்சில்லை, யார் யார் பக்கத்தில் வரவே கூடாது, நடுவில் சிங்கத்தை ஏன் நிறுத்தினான் (இரண்டு சம்பந்திகளைப் பிரிக்க) என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். புள்ளிக்கு விளக்கம் சொல்ல மூன்று மாசமாக மனப்பாடம் செய்தது ஒரு வரிகூட ஞாபகம் வரவில்லை. பதினோரு வருஷத் தொழில் மட்டும் தானாகப் பேசியது. பச்சை அட்டைக்காரர்கள் தரையில் உட்கார்ந்து குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போது வாசலில் வேன் நின்றது. மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய குழந்தை முன்னால், பட்டுப் புடவைகளும் மீசைகளும் பின்னால். தலைமை தாங்கி வந்தது பலராமன்.

ஆதவன் பேனருக்குப் பின்னால் ஒளிந்தான். வெயில் காட்டிக் கொடுத்தது. நாற்பத்தெட்டாவது ஆளாக அவன் நிழல் நடுங்கியது.

"யோவ், வெளிய வா!"

வந்தான். கண்ணை மூடிக்கொண்டான். தோளில் என்னவோ விழுந்தது. அடி இல்லை, சால்வை.

"எட்டு மணிலேர்ந்து போன் போடறேன், எடுக்க மாட்டேன்ற! எங்க ரெண்டு மச்சானுங்களும் ஆறு வருஷமா பேசிக்கல. காலையில ஆளுக்கு ஒரு டேப்போட வந்தாங்க, எவன் போட்டோ பெருசுன்னு அளக்க. பாத்தா ஒரு மூஞ்சியும் இல்ல! ரெண்டு பேரும் சேந்து உன்னத் திட்டுனாங்க பாரு, அரை மணி நேரம். அந்த வேகத்துலயே ஒண்ணா காப்பி குடிச்சுட்டாங்கய்யா!"

"அப்புறம்?"

"புள்ள யாரு மடியிலன்னு சண்டையே இல்ல. ஆளுக்கு ஒரு காது! எங்க மாமியா சொல்லிச்சு, இது சாதாரணப் புள்ளி இல்லடா, கம்மல் போடற ஓட்டைன்னு. அடுத்த மாசம் கிரகப்பிரவேசம். அதே புள்ளிதான் வேணும்."

அதற்குள் உறவுக்காரர்கள் தங்கள் தங்கள் முகத்துக்குப் பக்கத்தில் போய் நின்று செல்ஃபி எடுக்கத் தொடங்கியிருந்தார்கள். மூலையில் கூலிங் கிளாஸுக்கு அடியில் அத்தை வீட்டுக்காரரும் அடக்கமாக நின்றார். ஆஃப்ஷீன் கைதட்டினார். மண்டபமே தட்டியது. நடுவர்கள் தனியாகக் கூடிப் பேசக்கூட இல்லை. முதல் பரிசு அங்கேயே அறிவிக்கப்பட்டது. மேசைப் பெண் ஓடிவந்து மஞ்சள் அட்டையைக் கழற்றிப் பச்சையை மாட்டினாள். ஆதவன் அதை நான்கு தடவை தொட்டுப் பார்த்தான். ஐந்தாவது தடவை படம் எடுத்து மாமியாருக்கு அனுப்பினான்.

வாசலில் வேன் மேல் சாய்ந்து சுப்பன் சாவியைச் சுழற்றிக்கொண்டிருந்தான். ஆதவன் ஓடிப்போய் அவனைக் கட்டிக்கொண்டான்.

"டேய் சுப்பா, நீ தெரியாம மாத்தி எறக்குனது எவ்ளோ நல்லதாப் போச்சு பாத்தியா!"

"தெரியாமலா?" சுப்பன் மண்டபத்துக்குள் ஒரு முறை எட்டிப் பார்த்தான். "பலராமன் என் சொந்தப் பங்காளிண்ணா. நாப்பத்தேழு மூஞ்சில என் மூஞ்சி மட்டும் இல்ல. நான் இல்லாத பேனர்ல ஒரு பயலும் இருக்கக் கூடாதுன்னு, ராத்திரியோட ராத்திரியா பேப்பர மாத்திச் சுத்துனதே நான்தான்."