ஆங்கிலத்துக்காக ஆற்றில் தள்ளியவன்

தாமிரபரணி பாயும் இந்தப் பூமியில் டைரக்டர் அளவுக்கு ஆங்கிலத்தை வளர்த்தவன் வெள்ளைக்காரர்களில்கூடக் கிடையாது. பள்ளிக்கூடத்தில் எத்தனையோ வாத்தியார்கள் முட்டி மோதியும் எங்கள் மண்டையில் ஏறாததை, ஓரத்தில் விரிசல் விட்ட ஒரு செல்போனை வைத்துக்கொண்டு அவன் ஏற்றிக் காட்டினான். அவனுடைய நிஜப் பெயர் வகுப்பில் வருகை எடுக்கும்போது மட்டும்தான் தேவைப்பட்டது. அப்போதும் அது தன் பெயர்தான் என்பது அவனுக்கு உறைக்காது; நாங்கள்தான் விலாவில் இடிக்க வேண்டும்.

சில வருடங்களுக்கு முன்பு, பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி விடுதியில் அவனும் நானும் சாமும் ஒரே அறை. சாம், போதகர் வீட்டுப் பையன். இறுதியாண்டில் ஆங்கிலப் பேராசிரியை ஒரு வேலை கொடுத்தார். கடினமான ஆங்கில வார்த்தைகளை மாணவர்களே நடித்து, வார்த்தைக்கு ஒரு நிமிட வீடியோவாக எடுத்து, வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும்; வாய்மொழித் தேர்விலும் அந்த வார்த்தைகளைத்தான் கேட்பார்கள். மற்றவர்கள் வேப்பமரத்தடியில் நின்று அர்த்தத்தை ஒப்பித்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்கள். எங்களுக்கு வாய்த்தவன் டைரக்டர்.

"வார்த்தய படிச்சா மறந்துரும்லே. அனுபவிக்கணும். ஒடம்புல ஏறணும்" என்பது அவன் கொள்கை.

இத்தனைக்கும் ஆங்கில வாய்மொழித் தேர்வில் ஏற்கெனவே விழுந்தவன் அவன். பரீட்சை வைப்பவரைப் பார்த்தாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். சென்னைக்குப் போய் ஒளிப்பதிவு படிக்க வேண்டும் என்று உயிரை விட்டுக்கொண்டிருந்தான். "டிகிரி வாங்கிட்டு எங்கன வேணும்னாலும் போ. வாங்கலன்னா வாழக்கா கடைக்கு வந்துரு" என்று ஏரலில் இருந்த அப்பா கறாராகச் சொல்லிவிட்டார்.

கொள்கை முதலில் ஏறியது என் உடம்பில்தான். சாரல் அடித்த ஒரு விடிகாலையில் குறுக்குத்துறைப் படித்துறையில் என்னைத் துண்டோடு நிறுத்தினான். கால் விரல் தண்ணீரில் பட்டதும் நான் தயங்கிப் பின்வாங்கினேன்.

"இதுதாம்லே ரிலக்டன்ட்! அப்படியே நில்லு. மூஞ்சிய மாத்தாத."

"எடுத்துட்டேல்லா? ஆள விடுலே, குளுருது."

"எடுத்துட்டேன். அடுத்தது இம்மர்ஸ்" என்றான். சொல்லி முடிப்பதற்குள் நான் ஆற்றுக்குள் முங்கியிருந்தேன். ஒரே ஷாட்டில் இரண்டு வார்த்தை தேறியதில் அவனுக்குப் பரம சந்தோஷம். எனக்கு ஜலதோஷம் பிடித்தது, ஆனால் அந்த இரண்டு வார்த்தைகளும் இன்றுவரை மறக்கவில்லை.

இரைச்சலைக் குறிக்கும் 'கேகோஃபனி'க்குச் சாமை வண்ணார்பேட்டையில் நிறுத்தினான். நின்றிருந்த டவுன் பஸ் டிரைவரிடம் போய், "அண்ணாச்சி, ஒரு ஹாரன் அடிங்க" என்று கெஞ்சினான்.

அவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "ஊர்ல எல்லாவனும் அடிக்காதங்கான். நீ ஒருத்தன்தாம்லே அடிங்க!" என்று நெகிழ்ந்துபோய் அடித்தார் பாருங்கள், பின்னால் நின்ற வண்டிகளெல்லாம் கோபத்தில் பதிலுக்கு அடித்தன. நாங்கள் போன பிறகும் அது ஓயவில்லை.

இதற்கெல்லாம் சிகரம் 'ஆஸ்டென்டேஷியஸ்'. படாடோபம் என்று அர்த்தம். அது தசரா சமயம். ஒரு ராஜா வேடத்தை வாடகைக்கு வாங்கி, சாமுக்குக் கிரீடம் வைத்து, டவுன் ரதவீதியில் நடக்கவிட்டான். குலசேகரன்பட்டினம் அம்மனுக்கு நேர்ந்துகொண்டு வேடம் போடுகிறவர்களுக்குக் காணிக்கை கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம் என்பதை மூன்று பேருமே மறந்துபோனோம். ஒரு அம்மா ஓடி வந்து சாமின் கையில் ரூபாய் நோட்டை வைத்துக் கும்பிட்டார்.

"சாமி, எம் மவளுக்கு நல்ல எடமா அமையணும். வேண்டிக்கிடுங்க."

சாம் திருதிருவென்று விழித்தான். பிறகு கண்ணை மூடி, வீட்டுப் பழக்கத்தில் உருக்கமாக ஜெபம் பண்ணி, "ஆமென்" என்று முடித்தான். அந்த அம்மாவும் கன்னத்தில் போட்டுக்கொண்டு "ஆமென்" என்று சொல்லிவிட்டுத் திருப்தியாகப் போனார்.

டைரக்டர் செல்போனைப் பைக்குள் போட்டான். "காணிக்கைலே. கோயில் உண்டியல்ல சேக்காம ஹாஸ்டலுக்குப் போவக் கூடாது." அப்படியே குலசேகரன்பட்டினத்துக்குப் பஸ் ஏறினோம். கிரீடம் கூரையில் இடித்ததால் ராஜா வழிநெடுகக் குனிந்தே வந்தார்.

வாய்மொழித் தேர்வுக்கு முந்தின நாள் மதியம், சும்மா இருக்கிறானே என்று டைரக்டரைக் கேள்வி கேட்டுப் பார்த்தோம்.

"ரிலக்டன்ட்னா என்னலே?"

"லென்ஸ்ல சாரல் அடிச்சிட்டே, அந்த ஷாட்டு."

"கேகோஃபனி?"

"அதுல பஸ்ஸு மறைச்சிட்டு. சாம் பாதிதான் தெரிவான்."

அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. வார்த்தைகள் எல்லாம் எங்கள் உடம்பில் ஏறியிருந்தன. கேமராவுக்குப் பின்னாலேயே நின்றவன் மேல் ஒன்றுகூடப் படவில்லை. சாம் செல்போனைப் பிடுங்கினான். "இன்னைக்கு நீதாம்லே ஹீரோ."

"வேண்டாம்லே, எனக்குக் கைய எங்கன வைக்கதுன்னே தெரியல" என்று டைரக்டர் சுவரோடு ஒட்டினான். விடுவோமா? ஆற்றில் தள்ளினோம். வண்ணார்பேட்டையில் நிறுத்தினோம். படுக்கை விரிப்பைப் போர்த்தி ராஜநடை நடக்கவிட்டோம். பாக்கி இருந்த 'ராவனஸ்'ஸுக்காக, அதாவது அகோரப் பசிக்காக, ராத்திரிச் சாப்பாட்டையும் மறுநாள் காலை இட்லியையும் அவன் கண்ணிலேயே காட்டவில்லை.

தேர்வறைச் சன்னலுக்கு வெளியே நாங்கள் இருவரும் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றோம். வெளியூரிலிருந்து வந்த மேடம் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால், கல்லூரி உபசாரமாக ஒரு தட்டில் அல்வாவும் மிக்சரும். முதல் வார்த்தையே ரிலக்டன்ட்.

டைரக்டருக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. தட்டுத்தடுமாறிச் சொன்னான். "ரிவர் வெரி கோல்ட் மேடம். மீ நோ லைக். ப்ரெண்ட்ஸ் புஷ்."

"தென்?"

"தென் இம்மர்ஸ், மேடம்."

மேடத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ராவனஸ்?"

அவன் கண் தட்டுக்குப் போனது. "சின்ஸ் யெஸ்டர்டே, மேடம்."

அவர் தட்டை அவன் பக்கம் தள்ளிவிட்டார். அவ்வளவுதான், ஒட்டியிருந்த நாக்கு அவிழ்ந்துகொண்டது. அல்வாவைத் தின்றபடியே பஸ் டிரைவர், ராஜா, உண்டியல் என்று ஒவ்வொரு வார்த்தையையும் உடைந்த ஆங்கிலத்தில் நடித்தே காட்டினான். சன்னல் வெளிச்சம் முகத்தில் விழ, நாங்கள் பார்த்தேயிராத ஒரு ஆள் அங்கே கையை வீசிப் பேசிக்கொண்டிருந்தான்.

நெய்க் கையோடு வெளியே வந்தவன், "பாஸ் போட்டுட்டாங்கலே!" என்று எங்களைக் கட்டிக்கொண்டான். அடுத்த நொடியே, "நான் பேசுனத யாராச்சும் எடுத்தியளா?" என்றான். செல்போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள் என்றதும் இடிந்துபோய்ப் படியில் உட்கார்ந்துவிட்டான்.

இப்போது சென்னையில் பெரிய கேமராவுக்குப் பின்னால் நிற்கிறான். போனில் பேசும்போதெல்லாம், அன்று அதை யாரும் எடுக்காமல் விட்டதற்காக இன்னும் அங்கலாய்க்கிறான். எனக்கு அந்தக் குறை கிடையாது. அவனை நினைத்தாலே அந்தச் சன்னல் வெளிச்சத்து முகம் தானாக வந்து நிற்கிறது.