அந்த ஆறுக்குட்டி நானில்லீங்க

ஊரில் ஒவ்வொருவரும் தான் யார் என்று சொல்லிக்கொள்ளப் படாத பாடு படுகிறார்கள். தான் யார் இல்லை என்று சொல்லியே சர்வீஸை முடித்த ஒரே மனிதர், தொண்ணூறுகளில் எங்கள் பீளமேடு பம்ப்செட் கம்பெனியில் ஸ்டோர்கீப்பராக இருந்தவர்தான். நாங்கள் அவருக்கு வைத்த பெயர் 'நானில்லீங்க'.

சொந்தப் பெயர் ஆறுக்குட்டி. அந்தக் காலத்துப் பெயர். ஊர் எப்போதோ மறந்திருக்கும். மறக்கவிடாமல் செய்தவர் இன்னொரு ஆறுக்குட்டி. ஒரு மில் அணிக்குக் கூடைப்பந்து ஆடியவர். அவர் கைக்குப் பந்து போனாலே கூட்டம் எழுந்து நிற்குமாம். ஆட்டத்தை விட்டுப் பல வருஷமாகியும் பெயர் மட்டும் கோயமுத்தூரில் ஆடிக்கொண்டே இருந்தது.

நம்மவரோ மேல்தட்டு பேரிங்கை எடுக்கவே முக்காலி போடுகிற உயரம். இருந்தும் பெயரைக் கேட்டதும் லாரிக்காரர்கள்கூட ஓடிவந்து கையைப் பிடித்துக் குலுக்குவார்கள். அவர் சூடு பட்டதுபோல் இழுத்துக்கொள்வார்.

"அது நானில்லீங்க. இது அந்தக் கையில்லீங்க."

ஒருமுறை அவிநாசியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். பெண்ணின் அப்பா இவரை முதல் பந்தியில் உட்காரவைத்து, கேட்காமலே இன்னொரு கரண்டி நெய் ஊற்றினார். "உங்க ஆட்டத்த மறக்க முடியுங்களா!" என்றார். அவ்வளவுதான், ஆசாமி பிசைந்த கையோடு எழுந்துவிட்டார்.

"அது நானில்லீங்க. நெய்ய அவருக்கு ஊத்திப்போட்டீங்க."

"அட, போச்சாதுங்க! யாரா இருந்தா என்னுங்க, உக்காருங்க!"

கேட்டால்தானே? கையைக் கழுவிவிட்டு அடுத்த பந்தியில், நெய் இல்லாமல், தான் தானாகவே சாப்பிட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு மானம் போயிற்று.

இந்த வறட்டுப் பிடிவாதம் எதற்கு என்று பஸ்ஸில் கேட்டேன். சிரிக்காமல் பதில் சொன்னார். அவர் மனைவி சரசக்கா, கட்டிய நாள் முதல் புருஷன் பெயரை வாயால் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டாலும், பள்ளிக்கூடத்தில் கேட்டாலும், "பந்து வெளையாடுவாரே, மில்லுக்காரரு, அவரு பேருதானுங்க" என்றே சொல்லிவிடுவார்.

"வெளியிலதான் அவரு. ஊட்லயாவது நானா இருக்கலாம்னா, அங்கயும் அவருதானுங் கண்ணு. எம்பேர அவ வாயில ஒருக்கா கேட்டுப்போட்டாப் போதும்."

பிறகு அவருக்குக் குடலிறக்க ஆபரேஷன். சரசக்காவுக்குத் துணையாக நான் போனேன். வார்டுக்குக் கொண்டுவந்த பிறகும் மயக்கம் தெளியவில்லை. நர்ஸ் கன்னத்தைத் தட்டி, "ஆறுக்குட்டி! ஆறுக்குட்டி!" என்று கூப்பிட்டார்.

கண்ணைத் திறக்காமலே முனகினார்: "அது... நானில்லீங்க."

நர்ஸுக்கு முகம் வெளிறிவிட்டது. ஆள் மாறி அறுத்துவிட்டார்களோ என்று டாக்டர் ஓடிவந்தார்.

"பேஷண்ட் பேரு என்னம்மா?"

"பந்து வெளையாடுவாரே, அவரு பேருதானுங்க."

"ஐயோ, பேரச் சொல்லுங்கம்மா!"

நான் குறுக்கே புகுந்து விளக்கினேன். அதற்குள் அவர் மறுபடியும் ஆழ்ந்துவிட்டார். நர்ஸ் கூப்பிட்டார், நான் கத்தினேன், அசைவில்லை. டாக்டரின் முகம் மாறியது. "இப்படியே விடக்கூடாது. நீங்க கூப்பிடுங்கம்மா, பழகின குரலுக்கு முழிப்பார்" என்றார்.

சரசக்கா குனிந்து, "ஏனுங்க... ஏனுங்க..." என்றார்.

வார்டில் இருந்த ஆண்கள் அத்தனை பேரும் திரும்பி, "என்னுங்க அம்மணி?" என்றார்கள். கோயமுத்தூரில் அந்தக் கூப்பாட்டுக்கு யார்தான் திரும்பமாட்டார்கள்? கட்டிலில் கிடந்தவர் மட்டும் திரும்பவில்லை.

அக்கா என்னைப் பார்த்தார். கண் நிறைந்திருந்தது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, அவர் காதருகே போனார்.

"ஆறுக்குட்டீங்க..."

பெயருக்கும் ஒரு 'ங்க' போட்டுத்தான் கூப்பிட்டார், புண்ணியவதி.

இமை அசைந்தது. கண் திறந்து, அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வறண்ட நாக்கால் மெல்லச் சொன்னார்:

"நாந்தானுங்க."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேவிட்டேன். அன்றைக்கு அந்தக் கையை அவர் இழுத்துக்கொள்ளவில்லை.